ஏழாவது பயணக் குறிப்பு

நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் படித்தது 'பத்துப் பயணக் குறிப்புகள்' என்ற கட்டுரை. கல்லூரி ஆண்டு மலரில் ஒன்றரைப் பக்கத்துக்கு வந்தது. வெளிநாடு போகிற மாணவர்களுக்கு என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு என்னென்னவோ எழுதிப் பார்த்துவிட்டேன், ஒருவரும் சீந்தவில்லை. இன்றைக்கும் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் பழைய வகுப்புத் தோழன் எவனாவது எதிர்ப்பட்டால் அந்தக் கட்டுரையைத்தான் எடுப்பான். அதிலும் ஏழாவது குறிப்பைத்தான். "மச்சான், அந்தக் கருவாடு மேட்டரு செம காமெடிடா" என்று தோளில் தட்டுவான். நானும் பல்லைக் காட்டி வைப்பேன்.

சிரிப்பு வரவழைக்கத்தான் எழுதினேன், வந்தது. அதில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த நாலு வரி ஒரு வீட்டுக்குள் என்ன செய்தது என்பதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன்.

சதுரங்கப்பட்டினத்தில் என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, படகுச் சாமான் கடை. நைலான் கயிறு, தூண்டில் முள், ஈயக் குண்டு, மிதவை, எஞ்சின் ஆயில், எல்லாம் கிடைக்கும். கடலுக்குப் போகிறவர்கள் அத்தனை பேருக்கும் அத்தா 'பாய்'தான். நான் தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துச் செங்கல்பட்டுக்குப் போய் பி.காம் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் என் பெரியத்தா டிக்கெட் எடுத்து அனுப்பினார். பன்னிரண்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போ என்றார். எங்கள் வகுப்பில் அதுவரை ஒருவனும் விமானம் ஏறியதில்லை. டிக்கெட் கைக்கு வந்த அன்றே என் நடை மாறிவிட்டதாக அம்மா சொல்வார்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் வெளிநாடு போகிறான் என்றால் அது அவனுடைய பயணம் மட்டும் இல்லை. அங்கே யாருக்கெல்லாம் உறவு இருக்கிறதோ அவர்கள் எல்லாரும் அவன் பையில் கொஞ்சம் இடம் கேட்டு வருவார்கள். மிளகாய்த் தூள் வரும், ஊறுகாய் வரும், கல்யாணப் பத்திரிகை வரும், சித்த மருந்துக் கடைச் சூரணம் வரும். முடியாது என்று சொல்லும் வழக்கம் இல்லை. இன்றைக்கு அவர்களுடைய பொட்டலத்தை நாம் தூக்கினால் நாளைக்கு நம்முடையதை அவர்கள் தூக்குவார்கள், அவ்வளவுதான் கணக்கு. என் அம்மா வீட்டில் ஒரு கொக்கித் தராசே வைத்திருந்தார். நான் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அது கூடத்துக்கு வந்துவிட்டது.

கடைசி ஆளாக வந்தவர் மாமா. சொந்த மாமா இல்லை, அத்தாவின் கடைக்குச் சின்ன வயதிலிருந்து வருகிற கடல்காரர். நான் அப்படித்தான் கூப்பிடுவேன். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. ஒரே மகள். அந்த அக்காவைத் தனியாளாக வளர்த்தார். அவள் பள்ளிக்கூடப் பையோடு கடைக்கு வந்து, கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்து, "இது வாணாம்பா, வேற குட்க்கச் சொல்லு" என்று தீர்ப்புச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. படித்து முடித்ததும் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனி பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தவள், அங்கேயே வேலை பார்த்த ஒருவரைச் செங்கல்பட்டு ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பாவிடம் சொல்லவில்லை. மீன் ஏலம் விடுகிற இடத்தில் வேறு எவனோ வாழ்த்துச் சொல்லித்தான் அவருக்கே தெரிய வந்ததாம். அத்தனை பேர் நடுவில் கூடையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர் அதன் பிறகு மகளோடு பேசவில்லை. மாப்பிள்ளைக்கு மலேசியாவில் வேலை கிடைத்து அவர்கள் போய்விட்டார்கள். நாலு வருடம். கூடுவாஞ்சேரியில் இருக்கும் மாமாவின் தங்கச்சி மட்டும் அக்காவோடு அவ்வப்போது போனில் பேசுவார்.

மாமா வந்தபோது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். அதைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

"பாய் சொன்னாரு. மலேசியா போறியாமே?"

"ஆமா மாமா. கிள்ளான்."

"கிள்ளானுன்னா ஷா ஆலம் கிட்டக்கதானே?"

அந்த ஊர்ப் பெயர் அவர் வாயில் சரளமாக வந்தது. அப்போது அதைக் கவனித்தேன், யோசிக்கவில்லை. கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். செய்தித்தாள், அதற்கு மேல் பிளாஸ்டிக், அதற்கும் மேல் ஒரு பழைய கைலித் துணி, வலை நூலால் நாலு பக்கமும் தைத்திருந்தது. அத்தனையும் தாண்டிக் கருவாட்டு வாடை அடித்தது.

"இத்த எம் பொண்ணாண்ட குட்த்துடு தம்பி. அதோட நம்பரு துணி மேல எழுதிகீது."

"என்ன சொல்லணும் மாமா?"

"இன்னாத்த சொல்றது? ஒண்ணியும் சொல்லவாணாம். பிரிச்சுப் பாத்தா அதுக்கே தெரியும்." வாசல்வரை போய்த் திரும்பி, "என் தங்கச்சிக்குக்கூட தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டுந்தான்" என்றார்.

சரி மாமா என்று வாங்கி வைத்தேன். இதில் என் மேல் தப்பில்லை. தப்பெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சென்னை விமான நிலையத்தில் அத்தா வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே நான் தனி. பையை எடை மேடையில் வைத்ததும் கவுண்டரில் இருந்த பெண் தலையை ஆட்டினாள். ஒன்றே முக்கால் கிலோ அதிகம். எதையாவது எடுக்க வேண்டும், இல்லை பணம் கட்ட வேண்டும். எனக்குப் பின்னால் நீளமான வரிசை. நான் பையைத் தரையில் போட்டுத் திறந்தேன். பெரியம்மாவுக்கு அம்மா செய்து கொடுத்த முறுக்கு, அதிரசம், மசாலா. அதில் கை வைத்தால் போன இடத்தில் கேள்வி வரும். என்னுடைய சாமான் என்று பார்த்தால், இரண்டு ஜோடி வெள்ளை ஷூ, ஒரு ஜீன்ஸ் ஜாக்கெட். அந்த ஜாக்கெட்டைப் போட்டோவுக்காகவே வாங்கியிருந்தேன். மலேசியா வெயிலில் எவன் ஜாக்கெட் போடுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்புறம் மாமாவின் பொட்டலம்.

நான் ரொம்ப நேரம் யோசித்தேன் என்று சொல்ல ஆசை. பத்து விநாடி இருக்கும். கருவாடு கொண்டு போனால் அங்கே பிடித்துவிடுவார்கள் என்று யாரோ ஒருவர் வீடியோவில் பயமுறுத்தியது ஞாபகம் வந்தது. அது எனக்குத் தேவையான நேரத்தில் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். உண்மையில் எனக்கு அந்த ஷூ வேண்டும். தூணுக்குப் பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டி. அதில் பொட்டலத்தை வைத்தேன். வைத்தேன் என்றுதான் எழுத வருகிறது, போட்டேன் என்று எழுதக் கை கூசுகிறது. போட்டேன்.

அக்காவின் எண் துணியோடு போய்விட்டது. அதுவும் வசதியாகப் போயிற்று. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகிற ரயிலில் ஷா ஆலம் மூன்றாவது நிறுத்தம். பன்னிரண்டு நாளில் எட்டுத் தடவையாவது அந்த நிறுத்தத்தைத் தாண்டியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் கதவு திறக்கும்போது குனிந்து செல்போனைப் பார்த்துக்கொள்வேன். இறங்கி, யாரிடமாவது கேட்டு, வெறும் கையோடாவது போய், அக்கா உன் அப்பா ஒன்று கொடுத்தார், நான் தொலைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்திருக்கும். நான் உயரமான கட்டடங்களுக்கு முன்னால் நின்று ஜாக்கெட்டோடு வியர்த்துக்கொண்டு படம் எடுத்தேன்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை கடையில் உட்கார்ந்திருந்தேன். மாமா வந்தார். அத்தா உள்ளே போகும்வரை கயிற்றை உருட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குட்த்தியா தம்பி?"

"குடுத்துட்டேன் மாமா."

"இன்னா சொல்ச்சு?"

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஒன்றும் சொல்லவில்லை மாமா, வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொன்னால் பொலிவாகச் சொல்ல வேண்டும். "ரொம்ப சந்தோசப்பட்டாங்க மாமா. உங்களுக்கு போன் பண்றேன்னு சொன்னாங்க" என்றேன்.

அவர் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெம்பு இல்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார் என்று நினைக்கிறேன். திரும்பப் பையில் வைத்துக்கொண்டு, வாங்க வந்த கயிற்றை வாங்காமலே போய்விட்டார்.

கல்லூரி திறந்ததும் நான் பெரிய ஆள். துறை மன்றக் கூட்டத்தில் உன் பயண அனுபவத்தை மாணவர்களுக்குப் பயன்படும்படி பேசு என்று பேராசிரியர் சொன்னார். நான் பத்துக் குறிப்பாக எழுதி எடுத்துப் போனேன். வருகைப் படிவத்தை வீட்டிலேயே ஆன்லைனில் நிரப்பிவிடுங்கள். விமான நிலையத்தில் பணம் மாற்றாதீர்கள். காலித் தண்ணீர் பாட்டிலைக் கொண்டு போய் உள்ளே நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கே செருகுகிற மூன்று பின் பிளக் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படி ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததை நான் கண்டுபிடித்தது போலச் சொன்னேன். கூட்டம் கொட்டாவி விட ஆரம்பித்தது. அப்போது ஏழாவதைப் படித்தேன்.

"யார் பார்சல் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எடை மேடைக்குப் பாசம் தெரியாது. என்னிடம் ஒருவர் நம்பிக் கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தைச் சென்னை விமான நிலையக் குப்பைத்தொட்டிக்கு நன்கொடையாக வழங்கினேன். அதன் பிறகு அந்தப் பக்கம் வரிசையில் நின்ற ஒருவரும் சண்டை போடவில்லை. எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்."

விசில் பறந்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆண்டு மலருக்குக் கொடுத்துவிடு என்று அங்கேயே வாங்கிக்கொண்டார். நான் அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அந்தக் கைதட்டலைத் திரும்பத் திரும்ப நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். மாமாவை நினைக்கவே இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சோறு போட்டுக்கொண்டே அம்மா பேச்சை எடுத்தார். மாமாவின் தங்கச்சி கூடுவாஞ்சேரியிலிருந்து வந்திருந்தாராம். அக்காவுக்கு ஆறு மாதம். தலைப் பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வர ஆசைப்படுகிறாள், இதற்கு மேல் தள்ளினால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், நீதான் கேட்டுச் சொல்லணும் அத்தை என்று அழுதிருக்கிறாள். அத்தைக்காரி வந்து கேட்டிருக்கிறார். மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம்.

"'ஒரு போன் பண்ண முடியாதவளுக்கு எதுக்கு என் வூடு'ன்னுட்டாராம்டா" என்றார் அம்மா. "நாலு வருசமா இவரு மட்டும் பண்ணாரா? ஆம்பள ரோசம், பாரு."

அம்மாவுக்கும் அந்த அத்தைக்கும் அது நாலு வருடத்துக் கோபமாகத் தெரிந்தது. அவர் சொன்னது நாலு வருடத்தை இல்லை, மே மாதத்திலிருந்து அன்று வரைக்குமான மூன்று மாதத்தை என்பது எனக்கு மட்டும் தெரியும். போன் பண்ணுகிறேன் என்று மகள் சொல்லி அனுப்பியதாக நினைத்து அந்த மனிதர் தினமும் காத்திருந்திருக்கிறார். கருவாட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சந்தோசம் என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறமும் அவள் கூப்பிடவில்லை என்று நினைத்திருக்கிறார். வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டேன்.

போய்ச் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை கிளம்பினேன். ஊரின் பழைய டச்சுக் கோட்டைச் சுவருக்குப் பின்னால், மணலில் பாய் விரித்து அவர் மீன் காயவைக்கிற இடம் எனக்குத் தெரியும். முதல் தடவை கூட ஆட்கள் இருந்தார்கள். இரண்டாம் தடவை அவர் தனியாகத்தான் இருந்தார். "இன்னா தம்பி, படிப்பெல்லாம் எப்படிகீது?" என்று அவரே கேட்டார். நல்லாயிருக்கு மாமா என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். மூன்றாம் தடவை பாதி வழியிலேயே திரும்பிவிட்டேன். ஆண்டு மலரிலிருந்து ஏழாவது குறிப்பையாவது எடுக்கச் சொல்லலாம் என்று பேராசிரியர் அறை வாசல்வரை போனேன். அதை எடுத்தால் கட்டுரையில் ஒன்றும் இருக்காது என்று எனக்கே தெரியும். சதுரங்கப்பட்டினத்தில் யார் காலேஜ் புத்தகம் படிக்கப்போகிறார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நவம்பரில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வலி எடுத்தபோது கணவர் வேலையில் இருந்தாராம். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்தான் காரில் கூட்டிப் போயிருக்கிறாள். தாயும் பிள்ளையும் நலம், பால்தான் சரியாக வரவில்லை, டப்பாப் பால்தான் கொடுக்கிறாள் என்று அத்தைக்காரி அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பிள்ளைப்பெற்ற உடம்பைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லையே என்று அம்மா இரண்டு நாள் புலம்பினார்.

ஜனவரியில் ஆண்டு மலர் வந்தது. பொங்கல் விடுமுறை. அம்மா அதை என் பையிலிருந்து எடுத்து அத்தாவிடம் கொடுத்துவிட்டார். அத்தா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். மகன் பெயர் அச்சில் வந்த புத்தகத்துக்கு அட்டை போட்டுக் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். வருகிற ஆளுக்கெல்லாம் படித்துக் காட்டினார். நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகப் படித்தார். மூன்றாவது நாளோ என்னவோ, காலை பத்து மணிக்கு மாமா எஞ்சின் ஆயில் வாங்க வந்தார்.

"உக்காருய்யா" என்று அத்தா ஸ்டூலைத் தள்ளினார். "எம் புள்ள எழுதிகீறான் பாரு. புஸ்தகத்துல போட்டுகீறாங்க."

"அத்தா, போதும். வேலையப் பாருங்க" என்றேன்.

"இன்னா வேல? யாருகீறாங்க கடையில? நீ சும்மாரு."

மாமா உட்கார்ந்துவிட்டார். அத்தா விரலை வரியில் வைத்து ஒவ்வொரு குறிப்பாகப் படிக்க ஆரம்பித்தார். மூன்றாவதில் காலித் தண்ணீர் பாட்டிலுக்கு மாமா சிரித்தார். "நல்லாத்தான்கீது" என்றார். ஐந்தாவது வந்தபோது நான் புத்தகத்தைப் பிடுங்கப் பார்த்தேன். அத்தா அதை மேலே தூக்கிக்கொண்டார், இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆறாவது முடிந்தது. கடையை விட்டு ஓடியிருக்கலாம்.

ஏழாவதை அத்தா ரசித்துப் படித்தார். நன்கொடை என்ற இடத்தில் நிறுத்தித் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. சிரித்துக்கொண்டே நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார்.

மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது யாரு குட்த்தது தம்பி?" என்று கேட்டார்.

அத்தாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"அது பால் சுறா தம்பி" என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியாத ஒன்றை எடுத்துச் சொல்கிற மாதிரி சொன்னார். "புள்ள பெத்தவளுக்குக் குட்க்கறது. பால் ஊறும். மூணு மாசம்னு என் தங்கச்சி சொல்லிச்சு. நாலு வருசம் பேசாத வாயி, போன்ல கூப்ட்டு இன்னான்னு பேசறது? அதான் நானே காயவச்சுக் குட்த்தேன். அத்தப் பாத்தா அதுக்குப் புரியும், அப்பன் வூட்டுக்குக் கூப்புடுறான்னு."

அத்தா புத்தகத்தை மூடினார். பக்கத்தில் தெரு நாய் ஒன்று வந்து நின்றது, யாரும் விரட்டவில்லை.

"அப்போ போன் பண்றேன்னு அது சொல்லவேயில்லியா?"

"இல்ல மாமா. நான் அவங்களப் பாக்கவே இல்ல."

அவர் தலையை ஆட்டினார். இரண்டு மூன்று தடவை ஆட்டினார். "எம் பொண்ணு கேட்டுவுட்டுச்சு தம்பி. வரேன்னு கேட்டுவுட்டுச்சு. நான் வாணான்னுட்டேன்" என்றார். பிறகு எழுந்து, ஆயில் டப்பாவை ஸ்டூல் மேலேயே வைத்துவிட்டுப் போனார். அத்தா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். சாயந்தரம் அந்த டப்பாவை அவரே எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார்.

மாமா அன்றைக்கே மகளைக் கூப்பிட்டுவிட்டார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த வாரமே அத்தா பக்கத்தில் நின்று என்னையும் போன் போட வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஷூவைக்கூட விடவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பின்னால் குழந்தை சிணுங்குவது கேட்டது.

"பரவால்லப்பா. நானும் பண்ணியிருக்கலாம் இல்ல?" என்றாள். "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அப்பா நம்பர எடுத்து வச்சுக்கினு உக்காந்திருப்பேன். எடுக்கமாட்டாருன்னு பயம். சும்மா பாத்துக்கினு இருப்பேன்."

எடுத்திருப்பார் அக்கா, சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார் அக்கா என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அதைச் சொன்னால் அவள் இன்னும் அழுவாள்.

அப்பாவும் மகளும் சேர்ந்துவிட்டார்கள், அதனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். என் நண்பன் ஒருவனும் அப்படித்தான் கேட்டான். குழந்தைக்கு ஒரு வயதானபோது அவர்கள் ஊருக்கு வந்தார்கள். மாமா அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டினார். எல்லாம் சரிதான். ஆனால் அந்த முதல் பிரசவத்தில் அவள் அப்பா வீட்டில் படுத்திருக்க வேண்டியவள். பிறந்த குழந்தையை அவர் கையில் வாங்கியிருக்க வேண்டும். அதைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது. ஒரு ஜோடி ஷூவுக்காக நான் அதைப் பறித்துக்கொண்டேன்.

போன வருடம் பெரியத்தா மகனின் கல்யாணத்துக்கு மறுபடியும் கிள்ளான் போனேன். இப்போது கூடுவாஞ்சேரியில் ஒரு அலுவலகத்தில் வேலை, டிக்கெட் என் காசு. கிளம்புவதற்கு முந்தின வாரம் நானே மாமா வீட்டுக்குப் போனேன். மகளோடு பேச ஆரம்பித்த இரண்டு வருடத்தில் எங்கள் பக்கத்திலிருந்து யார் மலேசியா போனாலும் அவர்கள் பையில் மாமாவின் பொட்டலம் ஒன்று இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மாமல்லபுரத்தில் சிற்பக் கடை வைத்திருக்கும் ஒருவர் வியாபாரத்துக்காகப் போனார், அவர் கையில்கூட நெத்திலி போனது.

"அக்காவுக்கு எதுனா குடுக்கணுமா மாமா? எவ்வளவு இருந்தாலும் பரவாயில்ல" என்றேன்.

பாயில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து சிரித்தார். நல்ல சிரிப்புதான்.

"ஒண்ணியும் வாணாம் தம்பி. அடுத்த மாசம் அது இங்க வருது, வந்து துன்னுக்கும். நீ பத்தரமா போய்ட்டு வா."

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் ஷா ஆலத்தில் இறங்கினேன். ஸ்டேஷனில் கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு, வழி கேட்டு, பத்தாவது மாடிக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்ததும் "வாப்பா" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். குழந்தை அவள் காலுக்குப் பின்னால் நின்று பார்த்தது. மாமாவின் நெற்றி அதற்கு. மீன் குழம்பு வைத்திருந்தாள். உட்கார வைத்துச் சோறு போட்டுவிட்டு எதிரில் அமர்ந்தாள். ஊர்க் கதை எல்லாம் கேட்டாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்பா எதுனா குட்த்தனுப்ச்சாராப்பா?"

"இல்லக்கா. நான் போய்க் கேட்டேன். ஒண்ணும் வேணாம், நீங்க அடுத்த மாசம் வரப்போ சாப்பிட்டுக்குவீங்கன்னாரு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வாசலில் நான் கழற்றி வைத்த பையைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"நெஜமாக்கா. வேணும்னா போன் போட்டு அவர்கிட்டயே கேளுங்க."

"சே, அதெல்லாம் வாணாம்பா" என்று அவள் அவசரமாகச் சொன்னாள். "அவராண்ட கேட்டா மறுபடியும் மனசு கஷ்டப்படுவாரு. நான் கேக்கமாட்டேன், நீ பயப்படாத. வுடு, சாப்புடு."

இன்னொரு துண்டு மீனை எடுத்து என் தட்டில் வைத்தாள். நான் சொன்னது உண்மை என்று அவளை நம்பவைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. தலை குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.